பன்னிரண்டு பேரில் மூன்று பேர்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் இல்லை. குழுக் கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பேசித்தான் பழக்கம். அதனால் ஏதாவது முன்னே பின்னே வந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவுக்கு ஒருத்தர் தன்னுடைய அனுபவத்தைச் சொல்லணும் என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் பேசினவங்க மாடு வாங்கினது, மாவு மில் வைச்சது, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தது எல்லாம் சொன்னாங்க. கேட்க சந்தோஷமா இருந்தது. நான் ஒரு கணக்கைப் பத்திச் சொல்லப் போகிறேன். கணக்கு என்றதும் பயப்படாதீங்க, நானும் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. இந்தக் கணக்குக்குப் பின்னால் நான் செய்த ஒரு தப்பும் இருக்கு. அதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நாலு வருஷத்துக்கு முன்னாடி நடந்தது. எங்கள் குழுவில் 12 பேர். மேலத்தெருவில் 5 பேர், கீழத்தெருவில் 7 பேர். நான் கீழத்தெரு. எங்கள் ஊக்குநர் அக்கா மேலத்தெரு. சேமிப்பும் சுழல்நிதியும் சேர்ந்து கையில் 30,000 ரூபாய் இருந்தது. ஆளுக்குப் பத்தாயிரம் உள்கடன் கொடுக்கலாம் என்று தீர்மானம் போட்டோம். 12 பேரும் கேட்டாங்க. கொடுக்க முடிந்தது மூணு பேருக்கு. சரி, சீட்டு எழுதிக் குலுக்கிப் போடலாம், சாமி விட்ட வழி என்று எல்லோரும் ஒத்துக்கிட்டோம்.

ஊக்குநர் அக்காதான் நோட்டுத் தாளைக் கிழிச்சுப் பேர் எழுதினாங்க. அவங்களே மடிச்சு ஒரு சொம்பில் போட்டுக் குலுக்கினாங்க. அவங்களே மூணு சீட்டு எடுத்தாங்க. முதல் பேர் மேலத்தெரு. ரெண்டாவதும் மேலத்தெரு. மூணாவது பேரைப் படிச்சதும் கீழத்தெருக்காரங்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தோம். அதுவும் மேலத்தெரு. போதாததுக்கு அந்த மூணாவது ஆள் ஊக்குநர் அக்காவின் ஓரகத்தி.

எனக்கு அப்போ பணம் ரொம்பத் தேவைப்பட்டது. அதைக் காரணமாகச் சொல்லவில்லை, இருந்ததைச் சொல்கிறேன். நான் எழுந்து நின்று, "இது எப்படிங்க்கா? 12 பேர்ல மூணு பேரும் உங்க தெருவுக்கே வருமா? சீட்டை எப்படி மடிச்சீங்களோ, எதை எடுத்தீங்களோ, யாருக்குத் தெரியும்?" என்று கேட்டுட்டேன்.

அக்கா ஒன்றும் பேசவில்லை. தீர்மான நோட்டையும், பணப்பெட்டியின் சாவியையும் பாய் மேல வைச்சாங்க. "இனிமே நீங்களே எழுதிக்கோங்க" என்று சொல்லிட்டுப் போயிட்டாங்க. என் ரெண்டாவது பிரசவத்துக்கு ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோ பிடிச்சுக்கொண்டு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க அவங்க. அவங்க பேர் அந்த மூணு சீட்டில் வரவில்லை என்பதைக்கூட நான் அந்த நேரத்தில் யோசிக்கவில்லை.

அதற்கப்புறம் ரெண்டு மாசம் கூட்டம் நடக்கவில்லை. சேமிப்பு வசூல் இல்லை. கடன் எடுத்த மூணு பேரும், "எங்களைத் திருடிங்க மாதிரி பேசினாங்கல்ல, கூட்டம் நடக்கட்டும், அப்புறம் கட்டறோம்" என்று தவணை கட்டவில்லை. தண்ணிக் குழாய்கிட்ட நின்னால்கூட மேலத்தெரு ஒரு பக்கம், கீழத்தெரு ஒரு பக்கம். எட்டு வருஷம் கட்டிக்காத்த குழு, மூணு துண்டுச் சீட்டில் உடையப் பார்த்தது.

என் பெரிய பொண்ணு அப்போ பதினொன்றாம் வகுப்பு. ஒரு நாள் ராத்திரி படிச்சுக்கிட்டு இருந்தவள், நான் புலம்புவதைக் கேட்டுட்டு, "அம்மா, மொத்தம் எத்தனை பேரு? அதுல மேலத்தெரு எத்தனை?" என்று கேட்டாள். சொன்னேன். "இந்தக் கணக்குதாம்மா எங்க புத்தகத்துல வருது. பத்துப் பேர்ல மூணு பேரை எத்தனை விதமாத் தேர்ந்தெடுக்கலாம்னு கேட்பாங்க. சேர்வுன்னு பேரு. இரு, போட்டுப் பார்க்கலாம்" என்றாள்.

அவள் சொன்னதை உங்களுக்கு அப்படியே சொல்கிறேன். மனசில் போட்டுப் பாருங்க.

சொம்பில் 12 சீட்டு. முதல் சீட்டாக 12 பேரில் யார் பேரும் வரலாம். அது வந்தாச்சுன்னா மீதி 11. ரெண்டாவது சீட்டுக்கு 11 பேர். மூணாவதுக்கு 10 பேர். 12ஐ 11ஆல் பெருக்கி, அதை 10ஆல் பெருக்கினால் 1,320. ஆனால் நமக்கு யார் முதலில் வந்தாங்க, யார் கடைசியில் வந்தாங்க என்பது முக்கியமில்லை. மூணு பேருக்கும் ஒரே பத்தாயிரம்தான். ஒரே மூணு பேர் ஆறு விதமான வரிசையில் வரலாம். அதனால் 1,320ஐ 6ஆல் வகுக்கணும். 220. அதாவது எங்கள் 12 பேரில் மூணு பேரைத் தேர்ந்தெடுக்க 220 வழி இருக்கு. சீட்டு ஒழுங்காக் குலுக்கியிருந்தால் 220க்கும் ஒரே அளவு வாய்ப்பு.

இப்போ மேலத்தெரு 5 பேரிலிருந்து மட்டும் மூணு பேர் வருவதற்கு எத்தனை வழி? அதே கணக்கு. 5, 4, 3 பெருக்கினால் 60. 6ஆல் வகுத்தால் 10. ஆக 220 வழியில் 10 வழி. சுருக்கினால் 22க்கு ஒண்ணு.

"பார்த்தியா! 22க்கு ஒண்ணுதானே? நான் சொன்னது சரிதானே?" என்று நான் துள்ளினேன்.

பொண்ணு சிரிக்கவில்லை. "அம்மா, 22க்கு ஒண்ணுன்னா நடக்காதுன்னு அர்த்தமில்ல. 22 குழு இப்படிச் சீட்டுப் போட்டா, சராசரியா ஒரு குழுவுல இப்படித்தான் வரும். அந்தக் குழுவுல யாரும் ஏமாத்தியிருக்க வேண்டியதில்ல" என்றாள். அப்புறம் ஒரு கேள்வி கேட்டாள். "மூணு சீட்டும் கீழத்தெருவுக்கே வந்திருந்தா, நீ எழுந்திருச்சு கேட்டிருப்பியாம்மா?"

நான் பதில் சொல்லவில்லை. அவளே கணக்குப் போட்டாள். கீழத்தெரு 7 பேரிலிருந்து மட்டும் மூணு பேர் வர 35 வழி. கீழத்தெரு ரெண்டு, மேலத்தெரு ஒண்ணு என்று வர 105 வழி. கீழத்தெரு ஒண்ணு, மேலத்தெரு ரெண்டு என்று வர 70 வழி. மூணும் மேலத்தெரு 10 வழி. 35, 105, 70, 10. கூட்டிப் பாருங்க, 220 சரியா வரும். நம்ம வரவு செலவு நோட்டு மாதிரி, கூட்டினால் சரியாகணும்.

இதில் ஏதாவது ஒரு தெருவுக்கே மூணும் போவது 35ம் 10ம் சேர்ந்து 45 வழி. 220க்கு 45 என்றால் கிட்டத்தட்ட அஞ்சுக்கு ஒண்ணு. அதாவது நாங்கள் சீட்டு எடுக்க உட்காரும்போதே, ரெண்டு தெருவில் ஏதோ ஒன்று வாயடைச்சுப் போவதற்கு அஞ்சில் ஒரு பங்கு வாய்ப்பு இருந்திருக்கு. அது எங்க யாருக்கும் தெரியாது. என் பேர் வராததும், மூணும் அவங்க தெரு ஆனதும்தான் எனக்குக் கண்ணில் பட்டது.

எனக்கு அப்பவும் முழுசா மனசு ஒப்பவில்லை. தாளில் போடற கணக்கு வேற, சொம்பில் நடப்பது வேற என்று சொன்னேன். சரி, நடத்திப் பார்த்துடலாம் என்று 12 புளியங்கொட்டை எடுத்தோம். 5 கொட்டையில் சுண்ணாம்புப் பொட்டு வைச்சோம், அது மேலத்தெரு. சொம்பில் போட்டுக் குலுக்கி, பார்க்காமல் மூணு எடுக்கணும், எழுதணும், திரும்பப் போடணும். நூறு தடவை எடுத்தோம். சின்னவன் நடுவிலேயே தூங்கிட்டான். மூணும் பொட்டு வைச்ச கொட்டையாக வந்தது 6 தடவை. மூணும் பொட்டு இல்லாமல் வந்தது 14 தடவை. கணக்குப்படி நூறுக்கு 4, 5 தடவையும், 16 தடவையும் வரணும். அச்சு மாதிரி அப்படியே வராது, பக்கத்தில் வரும் என்று பொண்ணு சொன்னாள். என் கையால், என் வீட்டுச் சொம்பில், யாரும் ஏமாத்தாமல், ஆறு தடவை மேலத்தெருவே மூணும் வந்தது. அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் ஊக்குநர் அக்கா வீட்டுக்குப் போனேன். புளியங்கொட்டையையும் கணக்குத் தாளையும் எடுத்துக்கிட்டுத்தான் போனேன். எல்லாம் சொல்லி, "மன்னிச்சிடுங்க்கா, தப்பாப் பேசிட்டேன்" என்றேன். அவங்க தாளை வாங்கிப் பார்த்தாங்க. ரொம்ப நேரம் கழிச்சு, "கணக்கு சரியா வந்தாத்தான் என்னை நம்புவியா? வராம இருந்திருந்தா?" என்று கேட்டாங்க.

அந்தக் கேள்விக்கு இன்னிக்கும் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் அடுத்த வாரம் கூட்டத்துக்கு வந்தாங்க. நான் எல்லோர் முன்னாடியும் நின்று அவங்களிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாப் பழி சொல்லவில்லையே, கூட்டத்தில்தானே சொன்னேன். மன்னிப்பும் கூட்டத்தில்தான் கேட்கணும்.

அன்னிக்கு அக்காவே ஒரு விஷயம் சொன்னாங்க. "அவ கேட்டது தப்புதான். ஆனா நானே எழுதி, நானே மடிச்சு, நானே எடுத்தது எந்தப் பக்கம் சரி? கேட்கறதுக்கு நான்தானே இடம் கொடுத்தேன்." இதை நீங்களும் குறிச்சுக்கோங்க. 22க்கு ஒண்ணு என்கிற கணக்கு யார் நல்லவங்க, யார் கெட்டவங்க என்று சொல்லாது. அதை மட்டும் வைச்சு ஒருத்தரைப் பழி சொல்லக்கூடாது என்றுதான் சொல்லும். சந்தேகம் வராமல் இருக்கணும்னா, எடுக்கிற முறை எல்லோர் கண்ணுக்கும் தெரியணும்.

போன வருஷம் நம்ம கூட்டமைப்புச் சுற்றுலாவில் காஞ்சிபுரம் போனப்ப உத்திரமேரூர் கோயிலைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா? பராந்தக சோழன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய கல்வெட்டு. ஊரை 30 குடும்பாகப் பிரிச்சு, பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஏரி வாரியத்துக்கும் மற்ற வாரியங்களுக்கும் ஆள் எடுத்திருக்காங்க. குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டணும். உள்ளே என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்னப் பையன்தான் ஓலை எடுக்கணும். வாங்குகிறவர் அஞ்சு விரலையும் விரிச்சு உள்ளங்கையில் வாங்கணும். வாசிச்சதை மற்றவங்களும் வாங்கி வாசிக்கணும். கணக்குக் காட்டாதவன் பேரும், அவன் சொந்தக்காரங்க பேரும் குடத்துக்குள்ளேயே போகக் கூடாது. மூணு வருஷத்துக்குள் வாரியத்தில் இருந்தவனும் வரக் கூடாது. அன்னிக்கு நிலமும் வேதப் படிப்பும் உள்ளவங்க பேர்தான் அந்தக் குடத்துக்குள் போச்சு. நம்மளை மாதிரி ஆளுங்க பேர் போகவில்லை. ஆனால் சந்தேகம் வரும், அதுக்கு முன்னாடியே வழி செய்யணும் என்று ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னாடியே யோசிச்சிருக்காங்க. அதைக் கேட்டதும் எங்கள் சொம்புதான் எனக்கு ஞாபகம் வந்தது.

எங்கள் குழுவில் சண்டைக்கு அப்புறம் சில முறைகளை வைச்சோம், தீர்மான நோட்டிலும் எழுதினோம். தாளை ஒரே அளவாக வெட்டணும், ஒரே மாதிரி மடிக்கணும். ஒருத்தர் எழுதினால் இன்னொருத்தர் மடிக்கணும். போடும்போது 12 சீட்டு இருக்கா என்று எல்லோரும் சேர்ந்து எண்ணணும். எங்கள் குழுவில் இல்லாத வீட்டுக் குழந்தை ஒன்று எடுக்கணும். எடுத்த பிறகு, சொம்பில் மிச்சம் இருக்கிற சீட்டையும் பிரிச்சுக் காட்டணும். இது ரொம்ப முக்கியம். யாராவது ஒரே பேரை ரெண்டு தடவை எழுதியிருந்தாலோ, ஒரு பேரை விட்டிருந்தாலோ மிச்சச் சீட்டில் தெரிஞ்சுடும். ஒரு தடவை கடன் வாங்கினவங்க பேர், எல்லோரும் ஒரு சுற்று வாங்கி முடிக்கிற வரைக்கும் சொம்புக்குள் போகக் கூடாது. ஆஸ்பத்திரிச் செலவு, சாவு, பள்ளிக்கூடப் பணம் மாதிரி அவசரம் எதுவும் குலுக்கலுக்கு வரக் கூடாது, அதைப் பேசித்தான் கொடுக்கணும்.

ஒரு அக்கா, "எதுக்கு இந்த வம்பு? ரெண்டு சொம்பு வைச்சுக் கீழத்தெருவுக்கு ரெண்டு, மேலத்தெருவுக்கு ஒண்ணுன்னு பிரிச்சுடலாம்" என்றாங்க. கேட்க நியாயமாத்தான் இருந்தது. பொண்ணுகிட்ட கேட்டேன். அவள் சொன்னாள், "ஒரே சொம்புன்னா ஒவ்வொருத்தருக்கும் 12க்கு 3. அதாவது நாலுக்கு ஒண்ணு, நூறுக்கு 25. பிரிச்சா மேலத்தெரு ஆளுக்கு அஞ்சுக்கு ஒண்ணு, நூறுக்கு 20தான். கீழத்தெரு ஆளுக்கு ஏழுக்கு ரெண்டு, நூறுக்கு 28க்கு மேல போயிடும்." தெருவுக்குத் தெரு சமமாக்கப் போய் ஆளுக்கு ஆள் சமம் இல்லாமல் போகுது. அதனால் ஒரே சொம்புதான் என்று முடிவு பண்ணினோம்.

பத்து மாசத்தில் முதல் மூணு பேரும் கடனைக் கட்டி முடிச்சாங்க. ரெண்டாவது சுற்று வந்தது. மீதி 9 பேர். மேலத்தெருவில் 2 பேர், கீழத்தெருவில் 7 பேர். மேலத்தெருவின் அந்த ரெண்டு பேரில் ஒருத்தர் ஊக்குநர் அக்கா. டெய்லர் வீட்டுச் சின்னப் பொண்ணு சீட்டு எடுத்தது. மூணு பேரும் கீழத்தெரு.

இந்தத் தடவை கணக்கு எங்களுக்கு முன்னாடியே தெரியும். 9 பேரில் மூணு பேருக்கு 84 வழி. மூணும் கீழத்தெருவாக 35 வழி. 12க்கு 5, கிட்டத்தட்டப் பாதி. அதனால் அதிசயம் ஒண்ணுமில்லை. ஆனால் நான் ஊக்குநர் அக்கா முகத்தைத்தான் பார்த்தேன். அவங்க மூணு பேரையும் நோட்டில் எழுதினாங்க. மிச்சம் ஆறு சீட்டையும் பிரிச்சுக் காட்டினாங்க. அவங்க பேரும் அதில் இருந்தது. என் பேரும் இருந்தது. "நம்ம ரெண்டு பேருக்கும் இன்னும் நேரம் வரலடி" என்று சொன்னாங்க. அவங்க என்கிட்ட பழையபடி 'டி' போட்டுப் பேசினது அன்னிக்குத்தான்.

என் பேர் எப்ப வந்ததுன்னு கேட்பீங்க. நாலாவது சுற்று. கடைசி மூணு பேரில் ஒருத்தியாக, சீட்டே போடாமல் கிடைச்சது. கடைசியில் வருவதற்கும் நாலுக்கு ஒண்ணுதான் வாய்ப்பு, முதலில் வருவதற்கும் நாலுக்கு ஒண்ணுதான். யாரும் என்னைக் கடைசியில் தள்ளவில்லை. அந்தப் பணத்தில் தையல் மெஷின் வாங்கினேன். போன தை மாசத்தோடு நாலு சுற்றும் முடிஞ்சது. 12 பேரும் வாங்கினோம், 12 பேரும் கட்டினோம்.

அக்கா தங்கச்சிங்களே, நம்ம கூட்டமைப்பில் அடிக்கடி ஆள் தேர்ந்தெடுக்க வேண்டி வருது. பயிற்சிக்கு யார், ஆட்டுக் கடனுக்கு யார், கண்காட்சியில் கடை போட யார் என்று. பாதி நேரம் பேசி முடிவாகும், பாதி நேரம் சீட்டுதான். சீட்டு எடுப்பதற்கு முன்னாடி ஒரு அஞ்சு நிமிஷம் உட்கார்ந்து மொத்தம் எத்தனை வழி என்று எண்ணிடுங்க. "மூணும் ஒரே தெருவுக்கு வந்தாலும் வரலாம், அஞ்சுக்கு ஒண்ணு வாய்ப்பு இருக்கு, சம்மதமா?" என்று முன்கூட்டியே கேட்டு, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிடுங்க. சீட்டைப் பிரிச்ச பிறகு கேட்கிற கேள்வியில் கோபம்தான் இருக்கும். பிரிக்கறதுக்கு முன்னாடி கேட்டால் அது வெறும் கணக்கு. எண்ணத் தெரியவில்லை என்றால் வீட்டில் பதினொன்று படிக்கிற பிள்ளை இருக்கும், கேளுங்க. பிள்ளைங்களுக்கும் தான் படிக்கிற பாடம் அம்மாவுக்கு ஒதவுச்சுன்னு ஒரு சந்தோஷம்.

சீட்டு எடுத்த பிறகு சந்தேகம் வந்தால், மிச்சச் சீட்டைப் பிரிச்சுக் காட்டச் சொல்லுங்க. அது உங்கள் உரிமை. ஆனால் ஒருத்தரைப் பார்த்து என்னை மாதிரி வார்த்தையை விட்டுடாதீங்க. சொம்பில் போட்ட சீட்டைத் திரும்பக் குலுக்கலாம். சொன்ன வார்த்தையை என்னால் திரும்ப எடுக்க முடியவில்லை.

எங்கள் ஊக்குநர் அக்கா அங்கே மூணாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்காங்க. இதையெல்லாம் மேடையில் சொல்லட்டுமா என்று நேத்து அவங்ககிட்ட கேட்டேன். "சொல்லு, ஆனா கணக்கைத் தப்பில்லாம சொல்லு" என்றாங்க. தப்பில்லாமல் சொல்லியிருக்கேன் என்று நினைக்கிறேன்.